விலக்கமும் காந்தத்தின் குணமே

மேடைப் பேச்சிலும் ஏட்டு நடையிலும் நாம் ஓயாமல் கையாளும் தொடர்களுள் ஒன்று ‘எதிரெதிர்த் துருவங்கள்’ என்பது. ஒருவரோடொருவர் ஒட்டாத இரு தலைவர்கள், ஒன்றையொன்று மறுக்கும் இரு கொள்கைகள், ஒரே அரங்கில் அமர மறுக்கும் இரு புலவர்கள் ஆகியோரைக் குறிக்க இத்தொடரை எடுத்தாளுகிறோம். உலகப் படத்தின் வட முனையையும் தென் முனையையும் எண்ணிச் சொன்னால் இது பொருந்தும், அவை சந்திப்பதில்லை. ஆனால் காந்தத்தை எண்ணிச் சொன்னால் பொருள் தலைகீழாகிவிடும். காந்தத்தில் எதிர்த் துருவங்கள் ஒன்றையொன்று தழுவிக்கொள்வன. ஒன்றையொன்று தள்ளி நிற்பன ஒத்த துருவங்களே.

மறுபக்கம், ‘காந்தக் குரல்’ என்றும் ‘காந்தக் கண்கள்’ என்றும் எழுதும்போது, கவரும் ஆற்றலை மட்டுமே நாம் எண்ணுகிறோம். தன்னை ஒத்த துருவத்தைக் காந்தம் தள்ளும் என்னும் செய்தி நம் உவமைக்குள் நுழையவே இல்லை. காந்தத்தின் வரலாற்றைப் பார்த்தால், கவர்ச்சியை மனிதர் மிகப் பழங்காலத்திலேயே கண்டனர்; விலக்கத்தைக் கண்ட பின்னரே காந்தத்தைப் புரிந்துகொண்டனர். அந்த வரலாற்றில் நம் சென்னைக்கும், நுங்கம்பாக்கத்து ஓர் இலக்கியச் சங்கத்திற்கும், பொதிகை மலைக்கும் பங்குண்டு. பத்தாண்டு நிறைவைக் கொண்டாடும் ஓர் இலக்கிய வட்டத்தின் மலரில் இதை எழுதுவது பொருத்தமே என்று கருதுகிறேன்.

பெயரிலேயே காதல்

காந்தம் என்னும் சொல் வடமொழியின் ‘அயஸ்காந்தம்’ என்பதன் வழி வந்தது. அயம் என்றால் இரும்பு. காந்தன் என்றால் காதலன். இரும்பின் காதலன் என்பதே இக்கல்லின் பெயர். பெயரிட்டவர் கண்ணில் பட்டது கவர்ச்சி ஒன்றே என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை. உடலில் தைத்த இரும்பு அம்பு முனையை வெளியே எடுக்க இக்கல் உதவும் என்று சுசுருதரின் மருத்துவ நூல் கூறுகிறது. ஊசி காந்தத்தை நோக்கி நகர்வதற்குக் காரணம் ‘அதிருஷ்டம்’, அதாவது கண்ணுக்குப் புலனாகாத ஒன்று, என்று கணாதரின் வைசேடிக சூத்திரம் சொல்லி நிறுத்திக்கொண்டது. தெரியாததைத் தெரியாதது என்றே பெயரிட்டு வைத்த அந்த நேர்மை பாராட்டத்தக்கது.

தமிழில் இவ்வுவமை பெற்ற உச்சம் சைவ சித்தாந்தத்தில் காணப்படுகிறது. கி.பி. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞானபோதம் 12 சூத்திரங்களையே கொண்ட சிறு நூல். அதன் ஐந்தாம் சூத்திரம் காந்தத்தையும் இரும்பையும் உவமையாக வைக்கிறது. இரும்புக்குப் ‘பசாசம்’ என்னும் பழஞ்சொல் அங்கே ஆளப்பட்டுள்ளது. காந்தத்தின் முன்னிலையில் இரும்பு இயங்குகிறது. அதனால் காந்தத்திற்கு மாறுதல் ஏதுமில்லை. அவ்வாறே இறைவன் முன்னிலையில் உயிர்கள் அறிவு பெற்று இயங்குகின்றன, அவன் விகாரமடைவதில்லை. தத்துவ நோக்கில் இது மிக நுட்பமான உவமை. ஆயினும் இங்கும் காந்தம் இயக்கும் பொருள், இரும்பு இயங்கும் பொருள் என்ற ஒருவழிப் பாதையே உள்ளது. இரண்டு காந்தங்கள் எதிரெதிரே வந்தால் என்ன நிகழும் என்பது அவ்வுவமைக்கு வேண்டாத கேள்வி.

இரு முனைகளின் கதை

அக்கேள்வி அதே 13ஆம் நூற்றாண்டில் வேறொரு நாட்டில் எழுந்தது. பியர் என்னும் பிரெஞ்சுக்காரர், இலத்தீன் வழக்கில் பெத்ருசு பெரிகிரீனுசு என்று அறியப்படுபவர், இத்தாலியின் லுசேரா நகரை முற்றுகையிட்ட படையின் பாசறையில் இருந்தார். 1269ஆம் ஆண்டு ஆகஸ்ட் 8ஆம் நாள் தம் நண்பருக்கு அவர் எழுதிய மடலே காந்தத்தைப் பற்றிய முதல் ஒழுங்கான ஆய்வுரையாகக் கருதப்படுகிறது. உருண்டையாகச் செதுக்கிய காந்தக் கல்லின் மேல் சிறு ஊசியை வைத்து, அது நிற்கும் திசைகளைக் கோடிட்டார். கோடுகள் யாவும் எதிரெதிரான இரண்டு புள்ளிகளில் கூடின. அவற்றை அவர் துருவங்கள் என்றார். ஒரு கல்லை நீரில் மிதக்கவிட்டு மற்றொன்றைக் கையில் ஏந்தி அருகே கொண்டு சென்றார். வட முனையும் தென் முனையும் நெருங்கின. வட முனையைக் கண்டு வட முனை விலகி ஓடியது. பின்னர்க் கல்லை இரண்டாக உடைத்தார். ஒரு துண்டில் வடக்கும் மறு துண்டில் தெற்கும் தனித்து நிற்கும் என்று எதிர்பார்ப்போருக்கு வியப்பே காத்திருந்தது. ஒவ்வொரு துண்டும் இரு முனைகளும் உடைய முழுக் காந்தமாக இருந்தது. அந்நாள் தொட்டு இந்நாள் வரை ஒற்றைத் துருவம் உடைய காந்தப் பொருளை எவரும் கண்டதில்லை.

1600ஆம் ஆண்டு இங்கிலாந்தின் மருத்துவர் வில்லியம் கில்பர்ட், பூமியே ஒரு பெருங்காந்தம் என்று நிறுவினார். 1785ஆம் ஆண்டு பிரான்சின் கூலும், இவ்விசையை முறுக்குத் தராசில் அளந்து, துருவங்களுக்கு இடையிலுள்ள தொலைவு இரு மடங்கானால் விசை நான்கில் ஒன்றாகக் குறையும் என்று காட்டினார். கவர்ச்சிக்கும் விலக்கத்திற்கும் விதி ஒன்றே, திசைதான் வேறு.

இவ்விடத்தில் ஒரு நுட்பம் அறியத்தக்கது. சாதாரண இரும்புத் துண்டைக் காந்தத்தின் எந்த முனைக்கு அருகில் வைத்தாலும் அது ஒட்டிக்கொள்ளும். ஏனெனில் காந்தம் நெருங்கும்போது இரும்பும் சற்று நேரத்திற்குக் காந்தமாகிறது. அண்மையில் உள்ள அதன் பக்கம் எப்போதும் எதிர்த் துருவமாகவே அமைகிறது. எனவே ஒரு பொருள் காந்தத்தால் கவரப்படுவதால் மட்டும் அது காந்தம் என்று ஆகிவிடாது. வெறும் இரும்பாகவும் இருக்கலாம். அதைத் திருப்பிப் பிடிக்கும்போது அது விலக்கப்படுமானால் அது காந்தமே. ‘விலக்கமே காந்தத்தை அறியும் உறுதியான சோதனை’ என்று பள்ளிப் பாடத்தில் படித்தது நம்மில் பலருக்கு நினைவிருக்கும். தேர்வுக்காக மனப்பாடம் செய்து மறந்த அந்த ஒரு வரியில் எவ்வளவு பொருள் இருக்கிறது!

பெயர்களிலும் ஒரு புதிர் உண்டு. வடக்கு நோக்கும் ஊசி முனையை வட துருவம் என்கிறோம். எதிர்த் துருவமே அதை இழுக்க இயலும் ஆதலால், பூமியின் வடபால் இருப்பது காந்த இயல்பில் தென் துருவம்! மேலும், ‘துருவம்’ என்பதற்கு அசையாதது என்று பொருள். ஆனால் பூமியின் காந்தத் துருவம் அசைவது. 1831ஆம் ஆண்டு ஜூன் 1ஆம் நாள் ஜேம்ஸ் கிளார்க் ராஸ் கனடாவின் வடகோடியில் அதன் இடத்தைக் கண்டறிந்தார். அது இன்று அவ்விடத்தில் இல்லை. ஆர்க்டிக் கடலைக் கடந்து சைபீரியாவின் திசையில் நகர்ந்துவிட்டது.

நுங்கம்பாக்கத்தில் ஓர் ஊசி

இனி நம் ஊருக்கு வருவோம். நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் வானிலை ஆய்வு மையத்தின் வளாகத்தினுள் ஒரு கருங்கல் தூண் நிற்கிறது. 1792ஆம் ஆண்டு கிழக்கிந்தியக் கம்பெனி அங்கு அமைத்த சென்னை வானாய்வகத்தின் எஞ்சிய அடையாளம் அது. வானாய்வுக் கருவியைத் தாங்கிய அத்தூணில் பிற மொழிகளோடு தமிழிலும் வாசகம் பொறிக்கப்பட்டுள்ளது.

1830ஆம் ஆண்டு அவ்வாய்வகத்தின் பொறுப்பை ஏற்ற தாமஸ் கிளான்வில் டெய்லர், பதினோராயிரம் விண்மீன்களின் இடங்களைக் குறித்த பெரும் பட்டியலால் புகழ் பெற்றவர். அவர் திருவாங்கூர் மன்னரின் வானியலாளர் ஜான் கால்டிகாட்டுடன் சேர்ந்து தென்னிந்தியாவில் பல இடங்களில் காந்த ஊசியின் திசையையும் விசையையும் அளந்தார். அந்த அளவீடுகள் 1839ஆம் ஆண்டு அச்சேறின. எங்கே தெரியுமா? சென்னை இலக்கியச் சங்கத்தின் சார்பில் வெளிவந்த ‘இலக்கிய, அறிவியல் இதழில்’. 1812ஆம் ஆண்டு தோன்றிய அச்சங்கத்தின் நூலகம் இன்றும் அதே கல்லூரிச் சாலையில் உள்ளது. காந்த ஊசி எவ்வளவு சாய்ந்தது என்னும் கணக்கும், கல்வெட்டு, மொழி, இலக்கியம் பற்றிய கட்டுரைகளும் ஒரே இதழில் அருகருகே இடம்பெற்ற காலம் அது. இலக்கியவாணர் எனப்பட்டோர் இவ்விரண்டையும் வேறு வேறு உலகமாகக் கருதவில்லை.

அடுத்த சில ஆண்டுகளில் இம்முயற்சி உலகளாவியதாயிற்று. ஜெர்மனியின் காஸ், வெபர் ஆகியோர் தொடங்கிய ஒருங்கிணைந்த காந்த ஆய்வைப் பின்பற்றி, டொரன்டோ முதல் டாஸ்மேனியா வரை காந்த ஆய்வகங்கள் எழுந்தன. கம்பெனி சென்னை, சிம்லா, பம்பாய், சிங்கப்பூர் ஆகிய இடங்களைத் தன் பங்காக ஏற்றது. குறித்த நாள்களில், ஜெர்மனியின் கெட்டிங்கன் நகரத்து நேரக் கணக்கை ஒட்டி, உலகெங்கும் ஒரே கணத்தில் ஊசிகளை நோக்கிக் குறிப்பெடுத்தனர். நுங்கம்பாக்கத்தில் இரவு முழுதும் விழித்து, ஊசியின் நுண்ணிய அசைவுகளை விளக்கொளியில் எண்களாக்கிய கைகளை நினைத்துப் பார்க்க வேண்டும். 1846 முதல் 1850 வரையிலான சென்னைக் காந்த அளவீடுகள் கேப்டன் ஜேக்கப்பின் மேற்பார்வையில் தொகுக்கப்பட்டு நூலாக வெளிவந்தன.

பேரரசின் கடற்பயணத்திற்கும் வணிகத்திற்கும் இக்கணக்குகள் தேவைப்பட்டன என்பதை மறைப்பதற்கில்லை. கம்பெனி இதற்குப் பொருள் ஒதுக்கியது ஞான தாகத்தால் மட்டுமன்று. எனினும் விளைந்த அறிவு அவர்களோடு போய்விடவில்லை.

பொதிகையின் சமநிலை

உலகில் எத்தனையோ இடங்கள் இருக்கத் தென்னகம் ஏன் ஆய்வாளரை ஈர்த்தது? நடுவில் கட்டித் தொங்கவிட்ட காந்த ஊசி, வடக்கும் தெற்கும் காட்டுவதோடு நிற்பதில்லை. மேலும் கீழும் சாயவும் செய்யும். வட நாடுகளில் அதன் வட முனை நிலத்தை நோக்கித் தாழும். வடக்கே செல்லச் செல்லச் சரிவு மிகும். துருவத்தில் ஊசி செங்குத்தாக நிற்கும். தென் நாடுகளில் தென் முனை தாழும். இவற்றிற்கு இடையில், இரு முனையும் தாழாமல் ஊசி துலாக்கோல் போலக் கிடைமட்டமாக நிற்கும் இடங்களை இணைத்தால் ஒரு கோடு கிடைக்கும். அதுவே காந்த நடுக்கோடு. பூமியின் இரு துருவங்களும் ஊசியைச் சரி நிகராக ஆளும் கோடு அது. அக்கோடு தென்னிந்தியாவின் ஊடே செல்கிறது.

ஜான் ஆலன் பிரவுன் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் 1852ஆம் ஆண்டு திருவனந்தபுரம் வானாய்வகத்தின் பொறுப்பேற்றார். சமவெளியில் காணும் காந்த மாற்றங்கள் மலை உச்சியிலும் அவ்வாறே நிகழுமா என்று அறிய விரும்பிய அவர், 6,000 அடிக்கு மேல் உயர்ந்த ஒரு சிகரத்தில் இரண்டாவது ஆய்வகம் ஒன்றை எழுப்பினார். அச்சிகரம் அகத்தியமலை, நம் இலக்கியங்கள் போற்றும் பொதிகை. காடும் மழையும் சூழ்ந்த அவ்விடத்தில் கருவிகளைக் கொண்டு சேர்த்து அவர் திரட்டிய குறிப்புகள், திருவனந்தபுரக் குறிப்புகளோடு 1874ஆம் ஆண்டு நூலாயின.

சிவபெருமானின் திருமணத்தைக் காண அனைவரும் இமயத்தில் கூடியபோது வடக்கு தாழ்ந்து தெற்கு உயர்ந்ததென்றும், உலகைச் சமன் செய்ய அகத்தியர் தெற்கே வந்தாரென்றும் புராணம் கூறும். தமிழ் முனிவர் அமர்ந்ததாகச் சொல்லப்படும் அதே மலை, காந்த ஊசி ஏறக்குறையச் சமநிலையில் நிற்கும் நிலப்பகுதியில் அமைந்திருக்கிறது. புராணம் அறிவியலை முன்கூட்டியே அறிந்திருந்தது என்று இதைக் கொண்டு வாதிட முற்படுவது பொருந்தாது, இது தற்செயலே. ஆனால் கவிஞர்கள் தற்செயல்களையும் வீணாக்குவதில்லை. வடக்கே தாழ்வதும் தெற்கே சமன்படுவதும் வெறுங்கற்பனையாக மட்டுமல்லாமல் ஓர் ஊசியின் நடத்தையாகவும் இருக்கிறது என்பதை அறிந்தபின், அக்கதையை முன்போல் படிக்க இயலாது.

காந்த நடுக்கோட்டிற்கு மேலே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் உயரத்தில் பகற்பொழுதில் வலிய மின்னோட்டம் ஒன்று பாய்வது 20ஆம் நூற்றாண்டில் அறியப்பட்டது. அதை ஆராய ஏற்ற இடம் என்பதாலேயே திருவனந்தபுரத்தை அடுத்த தும்பா என்னும் மீனவர் ஊர் தேர்ந்தெடுக்கப்பட்டது. 1963ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள் அங்கிருந்து இந்தியாவின் முதல் ஆய்வு ராக்கெட் விண்ணேறியது. இராமேசுவரத்து அப்துல் கலாம் அக்குழுவில் இருந்தார். இந்திய விண்வெளி வரலாறு காந்தத்தின் இரு துருவங்கள் சமன்படும் ஒரு கடற்கரையில் தொடங்கியது என்பது பலர் கவனியாத செய்தி.

வெளியே வேற்றுமை, உள்ளே ஓட்டம்

ஒத்தவை விலகுவதும் வேற்றவை கூடுவதும் ஏன்? 1820ஆம் ஆண்டு டென்மார்க்கின் ஆர்ஸ்டெட், மின்னோட்டம் பாயும் கம்பியின் அருகே காந்த ஊசி திரும்புவதைக் கண்டார். சில வாரங்களிலேயே பிரான்சின் ஆம்பியர், காந்தம் என்பதே சுழலும் மின்னோட்டத்தின் விளைவு என்று உரைத்தார். ஒரே திசையில் ஓடும் இரு மின்னோட்டங்கள் ஒன்றையொன்று கவரும். எதிர்த் திசையில் ஓடுபவை விலக்கும் என்றும் அவர் கண்டார். இப்போது இரு காந்தங்களை வட முனையும் தென் முனையும் எதிர்ப்படுமாறு வையுங்கள். அவற்றின் உட்சுழற்சிகள் ஒரே திசையில் அமையும்; ஆகவே கூடுகின்றன. வட முனையை வட முனைக்கு எதிரே வைத்தால் உட்சுழற்சிகள் எதிரெதிராகும், ஆகவே விலகுகின்றன. முகத்தால் வேறுபட்டவை கூடுவது உள்ளோட்டம் ஒன்றாக இருப்பதால்தான். இக்காலத்து இயற்பியல் அணுவினுள் எலெக்ட்ரானின் தற்சுழற்சி வரை இவ்விளக்கத்தை ஆழப்படுத்தியிருக்கிறது. ஆம்பியர் கண்ட அடிப்படை மாறவில்லை.

காந்தத்தின் இரு துருவங்களாலும் மிக மெல்ல விலக்கப்படும் பொருள்களும் உள. 1845ஆம் ஆண்டு ஃபாரடே இவற்றை ஆராய்ந்து தனி வகையாக நிறுவினார். பிஸ்மத், நீர், காரீயம் என்று நாம் வழங்கும் பென்சில் கரி ஆகியவை இவ்வகையின. இத்துறையில் உலகப் புகழ் பெற்றவர் ஒரு தமிழர். வத்திராயிருப்பில் 1898ஆம் ஆண்டு பிறந்து, மதுரையிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்ற கே. எஸ். கிருஷ்ணன், இராமன் விளைவின் கண்டுபிடிப்பில் இராமனுக்குத் துணை நின்றவர். பின்னர் டாக்காவில் பணியாற்றிய நாள்களில், சிறு படிகத்தை மெல்லிய குவார்ட்ஸ் இழையில் தொங்கவிட்டுக் காந்தப் புலத்தில் அது திரும்பும் விதத்தை அளந்தார். திசைக்குத் திசை அவ்விலக்கம் வேறுபடுவதைக் கொண்டு, படிகத்தினுள் மூலக்கூறுகள் எவ்வாறு அடுக்கப்பட்டுள்ளன என்று கணித்தார். எதை ஏற்கிறது என்பதைப் போலவே எதை, எந்தத் திசையில், எவ்வளவு மறுக்கிறது என்பதும் ஒரு பொருளின் உள்ளமைப்பைச் சொல்லும். தமிழிலும் வடமொழியிலும் தோய்ந்த அவ்வறிஞரின் ஆய்வு முறையில், இலக்கியத் திறனாய்வாளர் கற்கவேண்டிய பாடம் ஒன்று இருக்கிறது.

மாம்பலத்தில் புறப்படும் வண்டி

1931ஆம் ஆண்டு சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. நுங்கம்பாக்கத்தையும் மாம்பலத்தையும் ஊடறுத்துச் செல்லும் அப்பாதையில் மின்னோட்டம் பாயத் தொடங்கிய பின், நுண்ணிய காந்த ஊசிக்கு இப்பகுதியில் அமைதி இருக்க வழியில்லை. ஆனால் ஊசியிடம் கற்ற பாடமே அவ்வண்டியை ஓட்டுகிறது.

மின் மோட்டார் எவ்வாறு சுழல்கிறது? நிலைக் காந்தத்தின் ஒரு துருவம் சுழலியின் எதிர்த் துருவத்தைத் தன்பால் இழுக்கிறது. இழுப்பு மட்டுமே இருந்தால் சுழலி கால் சுற்றோ அரைச் சுற்றோ திரும்பி, எதிர்த் துருவத்தின் அருகே போய் நின்றுவிடும். கவர்ச்சி நிறைவேறிய இடத்தில் இயக்கம் முடிந்துவிடும். அவ்வாறு நின்றுவிடாதிருக்க, நெருங்கிய தருணத்திலேயே சுழலியின் மின்னோட்டம் திசை மாற்றப்படுகிறது. இதுவரை இழுத்த துருவம் இப்போது தள்ளுகிறது, அடுத்தது இழுக்கிறது. தள்ளலும் இழுத்தலும் மாறி மாறி வர, தியாகராயநகருக்குப் பொருள் வாங்க வருவோரையும் வேலை முடிந்து வீடு திரும்புவோரையும் சுமந்துகொண்டு வண்டி ஓடுகிறது.

இலக்கிய அமைப்புகளின் வரலாறும் இதற்கு மாறுபட்டதன்று. 1959ஆம் ஆண்டு சி. சு. செல்லப்பா சென்னையில் ‘எழுத்து’ இதழைத் தொடங்கியபோது, மரபுக் கவிதையாளர் பலர் அதில் வந்த புதுக்கவிதையைக் கவிதை என்றே ஏற்கவில்லை. புதுக்கவிஞரும் யாப்பை எளிதில் மதித்துவிடவில்லை. அந்த விலக்கம் அரங்குகளிலும் ஏடுகளிலும் நீண்ட நாள் நிகழ்ந்தது. அதனால் தமிழ் குன்றிவிடவில்லை; இரு சாராரும் தம் தம் சொல்லை மேலும் கூர்மையாக்கிக்கொள்ள நேர்ந்தது. இருவர்க்கும் உள்ளே ஓடிய ஓட்டம் தமிழ் ஒன்றே.

ஒரு வட்டம் பத்தாண்டு நிலைத்ததற்கு அதன் கவர்ச்சியையே காரணமாகக் காட்டுவது வழக்கம். வந்தவரெல்லாம் பாராட்டிக்கொண்டே இருந்த அவைகள் பல, ஒட்டிக்கொண்ட இரும்பைப் போல அசைவற்று, ஓசையின்றி மறைந்ததை இந்நகரத்தின் இலக்கிய வரலாறு அறிந்தவர் அறிவர். கவிதை படித்து முடித்ததும் “இந்த இரண்டாம் அடி எனக்கு உடன்பாடில்லை” என்று எழுந்து சொல்லும் உறுப்பினரும், அதைக் கேட்டு முகம் சுளித்தும் அடுத்த கூட்டத்திற்கு வந்து அமரும் கவிஞரும் இருக்கும் வரை ஓர் அமைப்பில் இயக்கம் இருக்கும். பாராட்டு ஒன்றை மட்டும் கொண்டு, வந்திருப்பவர் காந்தமா, காந்தத்தின் அருகே வந்து நின்ற இரும்பா என்று பிரித்தறிய இயலாது.

ஆகவே, அடுத்த பத்தாண்டிற்குள் அடியெடுத்து வைக்கும் நம் கவிஞர்களுக்கு இரு வேண்டுகோள்கள். ஒன்று: பகைவர் இருவரைக் குறிக்க இனிக் காந்தத்தின் எதிர்த் துருவங்களை அழைக்காதீர்கள், அவை கூடி வாழ்பவை. மற்றொன்று: காந்தத்தைப் பாடும்போது அது தள்ளுவதையும் பாடுங்கள். இரும்பின் காதலன் என்று பெயரிட்ட நம் முன்னோர் கண்டது பொய்யன்று, அது பாதி. மறு பாதியைத் தமிழ்க் கவிதையில் எழுதும் பணி இன்னும் மிச்சமிருக்கிறது.